மெமரி இருக்கிறது, இடம் இல்லை
(ஏற்காட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நாகலூரிலிருந்து பஸ் பிடித்து ஒரு பெரியவர் பட்டா நகல் வாங்க இ-சேவை மையத்துக்கு வருகிறார். "சர்வர் வேலை செய்யலைங்க, மதியத்துக்கு மேல வாங்க" என்று பதில் கிடைக்கிறது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற மெஷினுக்கு முன்னாலும் இதே பதில்தான், பேங்கிலும் இதே பதில்தான். மழை பெய்தாலும் சர்வர், கரண்ட் போனாலும் சர்வர், நெட் அறுந்தாலும் சர்வர். பாதி நேரம் அந்தப் பழி பொய்ப்பழி. லைன் அறுந்ததற்கு அது என்ன செய்யும்? ஆனால் மீதிப் பாதியில் சில நோய்கள் சர்வருக்கே சொந்தமானவை. அதில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். மெமரி ஏராளமாக இருந்தும் மெமரி இல்லை என்று சர்வர் சாகிற நோய். அதற்கு மருந்து கடையில் கிடைக்காது. ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்ற வேண்டும்.

இங்கே எஸ்டேட்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் இருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் படித்தவர்களும் நாலைந்து பேர் தெரிகிறார்கள். அவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், அடிப்படையிலிருந்து வருகிறேன்.

மெமரியில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லித்தான் பிராசஸர் அதைக் கேட்டு வாங்கும். 32 பிட் மெஷினில் அந்த எண்ணை எழுத 32 இடங்கள். ஒவ்வொன்றிலும் சைபர் அல்லது ஒன்று. அப்படி எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். அதைத்தான் 4 ஜிபி என்கிறோம். இன்டெல் 1985-ல் 386 பிராசஸரை வெளியிட்டபோது இது கடல் போன்ற இடம். அன்றைய மெஷின்களில் இருந்தது ஒன்றிரண்டு எம்பி. 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதத் தொடங்கியதும் இதே 386-ல்தான். 4 ஜிபி போதாத காலம் வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அந்த 4 ஜிபியையும் லினக்ஸ் இரண்டாகப் பங்கு போட்டது. ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் 3 ஜிபி, கெர்னலுக்கு 1 ஜிபி. கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உயிர்ப் பகுதி, மற்ற எல்லாருக்கும் மெமரி அளந்து கொடுப்பது அதுதான். தன் பங்கான 1 ஜிபியில் சில்லறைத் தேவைகளுக்கு 128 எம்பியை ஒதுக்கியதுபோக, நேராகக் கைவைத்து எடுக்கக்கூடியதாக அதற்கு இருந்தது 896 எம்பி. அதற்குள் இருப்பது லோ மெமரி, அதற்கு மேல் உள்ளதெல்லாம் ஹை மெமரி. 896 என்ற இந்த எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1995-ல் பென்டியம் புரோ வந்தது. பிராசஸர் உள்ளே 32 பிட்டாகவே இருக்கும், வெளியே மெமரிக்குப் போகிற முகவரியை மட்டும் 36 பிட் ஆக்கினார்கள். அதனால் 64 ஜிபி வரை ரேம் செருகலாம். பிஏஇ என்று பெயர். 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4 இதை ஏற்றுக்கொண்டது. விளம்பரத்தில் 64 ஜிபி என்று போட்டார்கள், அது பொய்யில்லை. ஆனால் கெர்னலின் 896 எம்பி அப்படியே இருந்தது.

இங்கே நம்மூர் கதையாகச் சொல்கிறேன். ஒரு எஸ்டேட். ஆபீசில் ஒரே ஒரு மேசை. ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒரு கணக்கு நோட்டு, அது அந்த மேசைமேல்தான் இருக்க வேண்டும், வேறெங்கும் வைக்கக்கூடாது என்பது சட்டம். முதலாளி ஐம்பது ஏக்கர் வைத்திருந்தபோது மேசையில் இடம் தாராளம். காபி விலை நன்றாக இருந்தது, ஆயிரம் ஏக்கர் வாங்கிவிட்டார். நோட்டுகளை அடுக்கியதில் மேசை நிரம்பிப்போனது. கணக்குப்பிள்ளைக்குச் சம்பளப் பட்டுவாடாவுக்கு ஒரு தாள் விரித்து எழுத இடமில்லை. தோட்டத்தில் நூறு ஏக்கர் சும்மா கிடக்கிறது. ஆபீசில் வேலை நின்றுபோகிறது. இன்னும் நூறு ஏக்கர் வாங்கினால் இன்னும் நூறு நோட்டு வரும், அவ்வளவுதான்.

கெர்னலும் அதையேதான் செய்தது. மெமரியை 4 கேபி 4 கேபியாக, பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குறிப்பு. 2.6 கெர்னலின் காலத்தில் ஒரு குறிப்புக்கு 32 பைட். 16 ஜிபி ரேம் போட்டால் சுமார் 42 லட்சம் பக்கங்கள், குறிப்புகளுக்கு மட்டும் 128 எம்பி. 64 ஜிபி போட்டால் 512 எம்பி. இது முழுவதும் அந்த 896-க்குள்தான் அடங்க வேண்டும். பாதிக்கு மேல் கணக்குக்கே போய்விட்டது. ரேம் கூடக்கூட மெஷினுக்கு மூச்சுத் திணறல் கூடும். வாங்கிப் போட்டவருக்கு இது எப்படிப் புரியும்?

நான் பார்த்த ஒரு கேஸ். சேலம் பக்கம் ஒரு நூற்பாலை, பெயர் வேண்டாம். கணக்கு, ஸ்டாக், கூலி எல்லாம் ஒரே சர்வரில். மெதுவாக இருக்கிறது என்று ஆட்களிடமிருந்து புகார். சப்ளையர் வந்து பார்த்து ரேம் போதாது என்றார், போட்டார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு வாரத்தில் ஒருநாள், இரவு பேக்கப் ஓடும்போது, டேட்டாபேஸ் செத்துக் கிடக்கும். மறுபடியும் சப்ளையர் வந்தார், மறுபடியும் ரேம், கடைசியில் 16 ஜிபி. இப்போது வாரத்தில் ஒருநாள் சாவது போய் நாள் தவறாமல் செத்தது. அந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

லாக் ஃபைலைத் திறந்தால் விஷயம் வெட்டவெளிச்சம். ஹை மெமரி 9 ஜிபிக்கு மேல் காலி. லோ மெமரியில் சில எம்பிகூட இல்லை. அதற்குக் கீழே, மெமரி தீர்ந்துவிட்டது, இந்தப் புரோகிராமைக் கொல்கிறேன் என்று கெர்னல் தன் கைப்பட எழுதிவைத்திருக்கிறது. ஓஓஎம் கில்லர் என்று அதற்கொரு பகுதி உண்டு. மெமரி அறவே தீர்ந்தால் யாரையாவது கொன்று இடம் பிடிப்பது அதன் வேலை. யார் நிறைய மெமரி பிடித்திருக்கிறார்களோ அவர்தான் பெரும்பாலும் முதல் பலி, அதாவது டேட்டாபேஸ். கொடுமை என்னவென்றால், டேட்டாபேஸ் உட்கார்ந்திருந்தது ஹை மெமரியில். அதைக் கொன்றால் ஹை மெமரிதான் காலியாகும், அங்கே ஏற்கெனவே 9 ஜிபி சும்மா கிடக்கிறது. தட்டுப்பாடு லோ மெமரியில். அது தீரவில்லை என்றதும் அடுத்தவரைக் கொன்றது. அதற்கடுத்து, வெளியிலிருந்து உள்ளே நுழைய வைத்திருந்த சேவையையும் கொன்றது. அதனால்தான் மானேஜர் காலையில் வீட்டிலிருந்து எட்டிப்பார்க்க முடியாமல் நேரில் வந்து பவர் பட்டனை அழுத்த வேண்டியிருந்தது.

லோ மெமரியைத் தின்றது யார் என்று பார்த்தோம். 128 எம்பி பக்கக் குறிப்புகள். மிச்சத்தில் பெரும்பகுதி ஐநோடு கேஷ். ஒவ்வொரு ஃபைலைத் தொடும்போதும் அதன் விவரத்தை கெர்னல் கைவசம் வைத்துக்கொள்ளும். பேக்கப் என்பது டிஸ்கில் உள்ள லட்சக்கணக்கான ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தொடுகிற வேலை. அந்த விவரங்களுக்கும் இடம் லோ மெமரி மட்டுமே. குற்றவாளி தப்பித்து நிரபராதி தூக்கில் தொங்கிய கதை.

இதில் எனக்கு ஆத்திரம் வந்த இடம் வேறு. அந்த மெஷினில் இருந்த பிராசஸர் 64 பிட்டுக்குத் தகுதியானது. ஏஎம்டி 2003 ஏப்ரலில் ஆப்டெரான் என்ற 64 பிட் பிராசஸரை வெளியிட்டதும் இன்டெலும் அடுத்த ஆண்டே அந்த வழிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த சர்வர்களில் பெரும்பாலானவை 32, 64 இரண்டும் தெரிந்தவை. சப்ளையரின் பையில் இருந்த பழைய 32 பிட் சிடியைப் போட்டு ஓட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ரேம் வாங்க மூன்று பில், சிடியை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பில் போட முடியாத வேலை எப்படித் தோன்றும்!

பெரிய கம்பெனிகளும் இதே சுவரில் முட்டியவைதான். லினக்ஸ் 2.4-ன் மெமரி நிர்வாகம் பெரிய மெஷின்களில் தடுமாறியது. ரிக் வான் ரீல் எழுதிய முறை இருந்த இடத்தில், 2001 செப்டம்பரில் 2.4.10 பதிப்பில், ஆன்ட்ரியா ஆர்காஞ்செலி எழுதிய முறையைக் கொண்டுவந்து வைத்தார் லினஸ். நிலையான பதிப்பு என்று பெயர் வைத்துவிட்டு நடுவழியில் இதயத்தையே மாற்றினால் எப்படி என்று பெரிய சண்டை. லினக்ஸ் விற்கிற ரெட் ஹாட் நிறுவனம் 2003-ல் வெளியிட்ட தன் என்டர்பிரைஸ் லினக்ஸின் மூன்றாம் பதிப்பில் ஹியூஜ்மெம் என்று தனி கெர்னலே கொடுத்தது. இங்கோ மோல்னார் செய்த வேலை அது. புரோகிராமுக்குக் கிட்டத்தட்ட 4 ஜிபி, கெர்னலுக்கும் தனியாக 4 ஜிபி. மூச்சுத் திணறல் தீர்ந்தது, ஆனால் கெர்னலிடம் ஒவ்வொரு முறை போய்வரும்போதும் முகவரி அட்டவணையையே மாற்ற வேண்டும், வேகம் அடிவாங்கும். 2007-ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது ஹியூஜ்மெம்மைத் தூக்கிவிட்டார்கள், பெரிய மெமரி வேண்டுமா, 64 பிட்டுக்குப் போங்கள் என்று. அதுதான் சரி என்பது என் கருத்து. ஒட்டுப்போட்ட சட்டைக்கு மேல் ஒட்டுப்போட்டுக்கொண்டே போக முடியாது.

சரி, 64 பிட்டுக்குப் போவது எப்படி? 32 பிட் லினக்ஸின் மேலேயே 64 பிட்டை ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நம்பி இறங்கவேண்டாம். தனியாக ஒரு டிஸ்கில் புதிதாக நிறுவி, டேட்டாவைப் பழையதிலிருந்து இறக்கி, புதியதில் ஏற்றி, ஒப்பிட்டுப் பார்த்து, பழைய டிஸ்கைப் பத்திரமாகக் கழற்றி வைப்பதுதான் முறை. நூற்பாலையிலும் அப்படித்தான் செய்தோம். நிறுவுவது அரை நாள் வேலை. இழுத்தடித்தவை இரண்டு.

ஒன்று, கூலிக் கணக்குப் புரோகிராம். சி மொழியில் யாரோ எப்போதோ எழுதியது. அதில் எண்களை 'லாங்' என்ற வகையில் வைத்து, அப்படியே ஃபைலில் கொட்டியிருந்தார் எழுதியவர். 32 பிட் லினக்ஸில் 'லாங்' என்பது 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8 பைட். புதிய மெஷினில் அந்தப் புரோகிராமை கம்பைல் செய்து ஓட்டினால் பழைய ஃபைலை எட்டு எட்டாகப் படிக்கும், ஒருவர் சம்பளமும் அடுத்தவர் டோக்கன் நம்பரும் ஒட்டிக்கொண்டு ஒரே எண்ணாக வரும். நல்லவேளை, 64 பிட் கெர்னலின்மேல் பழைய 32 பிட் புரோகிராமையும் அப்படியே ஓட்டலாம். அதை மட்டும் தொடாமல் விட்டோம். அதற்கும் ஒரு லாபம்: கெர்னல் இப்போது வேறு இடத்தில் குடியிருப்பதால், முன்பு 3 ஜிபி கிடைத்த புரோகிராமுக்குக் கிட்டத்தட்ட 4 ஜிபியும் கிடைத்தது.

இரண்டாவது, தமிழ். இது நம் ஆட்களுக்கே உரிய தலைவலி. தொழிலாளர் பெயர்களைப் பழைய டிஸ்கி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார்கள். எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு அந்தக் காலத்தில் பரவலாக இல்லை. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீடுகளை அறிவித்தது, இணையத்தில் இருந்தவர்கள் டிஸ்கி பக்கம் நின்றார்கள், டிடிபி கடைக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று என்று ஆளுக்கொரு எழுத்துரு. யூனிகோடுதான் என்று அரசு ஆணை வந்தது 2010-ல். பழைய டேட்டாபேஸ் எந்தக் குறியீடு என்று கேட்காமல், கொடுத்த பைட்டை வாங்கி வைத்துக்கொண்டது. அந்த டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல்; 2004-ல் வந்த 4.1 பதிப்பு முதற்கொண்டு அது ஒவ்வொரு பத்திக்கும் எழுத்துக் குறியீடு கேட்கிறது. சொல்லாவிட்டால் ஐரோப்பிய எழுத்து என்று அன்றைய பதிப்புகள் தாமே முடிவு செய்துவிடும், அப்புறம் உபகாரம் செய்வதாக நினைத்து யூனிகோடுக்கு மாற்றியும் தரும். முருகேசன், பழனியம்மாள் எல்லாரும் கேள்விக்குறிகளும் பிரெஞ்சு எழுத்துகளுமாக மாறி நின்றார்கள். மறுபடி பழைய டிஸ்கிலிருந்து, எதையும் மாற்றாதே என்று சொல்லி பைட் பைட்டாக இறக்கி, வெளியே வைத்து டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி, அதன்பின் ஏற்றினோம். சர்வர் அப்கிரேடில் எங்கே நாள் போகும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பிறகு அதே மெஷின், அதே 16 ஜிபி. லோ, ஹை என்ற பேதமே கிடையாது. பேக்கப் ஓடுகிறது, டேட்டாபேஸ் உயிரோடு இருக்கிறது. புதிதாக ஒரு பொருள்கூட வாங்கவில்லை.

64 பிட் வந்ததும் எல்லாம் தீர்ந்ததா என்றால், இந்த நோய் தீர்ந்தது, வேறு நோய்கள் வந்தன. ஒரு கணக்கு போடுங்கள். டேட்டாபேஸுக்கு 8 ஜிபி பொது மெமரி. 4 கேபி பக்கம் என்றால் 20 லட்சம் சொச்சம் பக்கங்கள். பக்கத்துக்கு 8 பைட் வீதம் முகவரி அட்டவணை 16 எம்பி. அதைத் தொடுகிற ஒவ்வொரு புராசஸும், அதாவது ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமும், தனக்கென்று ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளும். ஆளுக்கு ஒரு புராசஸ் திறக்கிற டேட்டாபேஸில் 500 பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்து முழுவதையும் தொட்டால் அட்டவணைக்கு மட்டும் 8 ஜிபி! டேட்டா எவ்வளவோ அதைப் பற்றிய குறிப்பும் அவ்வளவு. இதற்கு மருந்து 4 கேபிக்குப் பதில் 2 எம்பி பக்கம். அட்டவணை ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். 2011-ல் வந்த 2.6.38 கெர்னல் முதல் இதைத் தானாகவே செய்கிற வசதியும் வந்தது, ஆனால் டேட்டாபேஸின் பொது மெமரிக்குக் கையால் ஒதுக்குவதே நல்லது.

இன்னொன்று, இரண்டு பிராசஸர் உள்ள சர்வர்கள். ஒவ்வொரு பிராசஸருக்கும் பக்கத்தில் தனித்தனி ரேம். தன் பக்கத்து ரேம் நிரம்பினால் அடுத்த பக்கம் காலியாக இருந்தும் போகாமல், தன்னிடம் இருப்பதையே துடைத்து இடம் பண்ணிக்கொண்டிருக்கும் வழக்கம் பழைய கெர்னல்கள் பலவற்றில் இருந்தது. பாதி மெமரி காலி, சர்வரோ ஊர்கிறது. 2014-ல் வந்த 3.16 பதிப்பில் அந்த வழக்கத்தை அணைத்துவைத்தே அனுப்பினார்கள். அதற்கு முந்தைய கெர்னலை வைத்துக்கொண்டு ரேம் வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

அரசுப் பக்கம் வருகிறேன். லினக்ஸ் விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர், தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த அலுவலகமே சூசே லினக்ஸுக்கு மாறியது. மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி அமைப்பான சி-டாக்கின் சென்னை மையம் 2007-ல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. அது டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. அந்த டெபியன் 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் பழைய 32 பிட் பிசிக்களுக்கான கெர்னலையும் நிறுவியையும் நிறுத்திவிட்டது. ஆக, பழைய 32 பிட் மெஷினில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதற்கு இனி பெரிய எதிர்காலம் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய கேஸ் ரயில்வே. ஏற்காடு எக்ஸ்பிரஸில் போகாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். பெயர்தான் ஏற்காடு, அது ஈரோட்டோடு நின்றுவிடும், மலை ஏறியதே கிடையாது. அந்த ரயிலுக்கு நீங்கள் எடுக்கிற ரிசர்வேஷன் டிக்கெட் பிஆர்எஸ் என்ற அமைப்பு வழியாக வருகிறது. 1980-களின் நடுவில் டெல்லியில் சிஎம்சி நிறுவனம் எழுதிய புரோகிராமோடு தொடங்கியது. ஓடியது டிஜிட்டல் கம்பெனியின் வேக்ஸ் மெஷினில், விஎம்எஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில். பின்னர் ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு கான்சர்ட் என்ற புதிய புரோகிராமை எழுதி டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஐந்தையும் 1999-ல் ஒன்றாக இணைத்தது. சேலத்தில் நின்றுகொண்டு ஹவுராவிலிருந்து புறப்படும் வண்டிக்கு டிக்கெட் எடுக்க முடிந்தது அதனால்தான். சாதாரண விஷயமில்லை.

ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2025-ல் நாடாளுமன்றத்துக்கு அளித்த பதிலின்படி, அப்போதிருந்த பிஆர்எஸ் 2010-ல் நிறுவியது, ஐட்டேனியம் என்ற பிராசஸர் உள்ள சர்வர்களில், விஎம்எஸ்ஸின் பிந்தைய வடிவமான ஓப்பன்விஎம்எஸ்ஸில் ஓடியது. ஐட்டேனியம் அனுப்புவதை இன்டெல் 2021 ஜூலையோடு நிறுத்திவிட்டது. லினக்ஸும் 2024 தொடக்கத்தில் வந்த 6.7 பதிப்பில் அதைக் கைகழுவியது. ஆகவே ரயில்வே முழுவதையும் மாற்ற முடிவு செய்தது, நிமிடத்துக்குத் தரக்கூடிய டிக்கெட் நான்கைந்து மடங்காகும் என்றார்கள். அங்கே சிக்கல் 4 ஜிபி சுவர் அல்ல, ஐட்டேனியம் ஆரம்பத்திலிருந்தே 64 பிட். ஆனால் நோயின் வேர் ஒன்றுதான்: நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டதில், அடியில் இருந்த தரை மறைந்துபோனது. ரயில்வேயைக் குறை சொல்வது எளிது. ஒரு மணி நேரம் நின்றால் நாடே கூச்சல் போடும் அமைப்பை மாற்ற யாருக்குத்தான் துணிச்சல் வரும்? பத்து மணிக்கு தட்கல் திறக்கும்போது அந்த மெஷின்மேல் விழுகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

என் வழக்கு ரயில்வேமேல் அல்ல, டெண்டர்மேல். நம் அலுவலகங்களின் டெண்டரில் சர்வருக்கு ஒரு வரி, ரேமுக்கு ஒரு வரி, யுபிஎஸ்ஸுக்கு ஒரு வரி, மூன்று வருட வாரண்டி. ஐந்தாம் வருடம் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்ற, டேட்டாவை இறக்கி ஏற்ற, பழனியம்மாள் பழனியம்மாளாகவே வந்தாரா என்று சரிபார்க்க ஆள்கூலி எவ்வளவு? அந்த வரியை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. ரேம் என்றால் தணிக்கைக்குக் காட்டலாம், கையில் எடுத்து எண்ணலாம். அப்கிரேட் என்றால் எதைக் காட்டுவது? சென்டாஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகும் அதை ஓட்டுகிற இடங்களை நான் பார்க்கிறேன். அவர்களிடம் கேட்டால் பட்ஜெட் இல்லை என்கிறார்கள். அதே வருடம் ரேம் வாங்கியிருப்பார்கள்.

கூட்டத்துக்கு வந்தவர்களில் ஆபீஸ், பள்ளி, எஸ்டேட் சர்வர் பார்த்துக்கொள்பவர்கள் நாளைக்குக் காலையில் இரண்டே வேலை செய்யுங்கள். 'யூநேம் மைனஸ் எம்' (uname -m) என்று கட்டளை கொடுங்கள். எக்ஸ்86_64 என்று வந்தால் நிம்மதி. ஐ686 என்று வந்தால் இன்று நான் பேசியதெல்லாம் உங்களுக்குத்தான். இரண்டாவது, லாக் ஃபைலில் ஓஓஎம் என்று தேடுங்கள். வந்தால், யாரைக் கொன்றது என்பதோடு நிறுத்திவிடாமல் அதற்கு மேலே உள்ள வரிகளையும் படியுங்கள், எந்தப் பகுதியில் எவ்வளவு காலியாக இருந்தது என்று அங்கே எழுதியிருக்கும். அதைப் படித்துப் பார்த்தபிறகு சப்ளையருக்கு போன் செய்யுங்கள். அடுத்த டெண்டர் எழுதுகிறவர் யாராவது இங்கே இருந்தால், ஆள்கூலிக்கு அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள், கோடிட்ட இடத்தில் தொகை எவ்வளவு போடலாம் என்பதை வேண்டுமானால் டீ குடிக்கும்போது பேசிக்கொள்ளலாம்.